வால் இல்லாத ர

'சரமை' என்று அடித்தது நான்தான். அமுதா அக்கா அல்ல.

பாருங்கள், சொல்வதற்கு ஒரு வரிதான் தேவைப்பட்டிருக்கிறது! அந்த ஒரு வரி இத்தனை காலம் வரவில்லை...

நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். என் எழுத்தை அறிந்திருக்கலாம். கணினிக்கான தமிழ் எழுத்துருக்களை வரைந்து இணையத்தில் நானே விற்கிறேன். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. என் முதல் எழுத்துருவின் பெயர் 'புளியம்பூ'. உங்கள் வீட்டுக்கு வந்த ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெயர் கொஞ்சம் ஒல்லியாக, வளைவெல்லாம் மெத்தென்று இருந்ததா? அது நான் வரைந்ததாக இருக்கலாம்.

அந்தப் பத்திரிகைகளுக்கு வழி திறந்தவர் அமுதா அக்கா. போளூரில் ஓர் அச்சகத்தில் டைப் அடித்துப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவர். வேலூரில் கல்லூரி முடித்த கையோடு, எழுத்துருவைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு நான் ஏறி இறங்காத அச்சகம் இல்லை. "இருக்கிறதே போதும்மா" என்றார்கள் எல்லோரும். அக்கா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"குடு, பாக்கலாம்... அய்ய, நல்லாக்குதே பாப்பா! இத்த நீயா வரைஞ்ச?"

அன்றே ஒரு பத்திரிகையை அதில் அமைத்துச் சுவரில் ஒட்டினார். வருகிற பெண் வீட்டாரிடமெல்லாம், "நம்ம மலைக்காரப் பொண்ணு செஞ்ச எழுத்துங்க, இதுலயே போட்டுக்கோங்க" என்று பேசிப் பேசியே என் எழுத்தை நடமாட விட்டார். பத்திரிகையைப் பார்த்தவர்கள் விசாரித்தார்கள், வாங்கினார்கள். ஆரணியிலிருந்து, வேலூரிலிருந்து, பிறகு நான் கேள்விப்பட்டேயிராத ஊர்களிலிருந்து. நான் இந்தத் தொழிலில் நிற்கிறேன் என்றால் அது அவர் தந்த இடம்.

அவருக்கு நான் செய்தது இது.

புளியம்பூவில் ர-வுக்கு வால் வைக்கவில்லை நான். கீழே சாய்வாக இறங்குமே, அந்தக் கோட்டை வெட்டிவிட்டேன். 'ரி'யில் பழைய அச்சுக்காரர்கள் வெட்டவில்லையா? வரி எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா! ஆனால் வால் போனால் ர-வும், 'கா'வில் க-வுக்குப் பக்கத்தில் நிற்கும் காலும் ஒன்றுபோலவே ஆகிவிடும். அக்கா உடனே கண்டுபிடித்தார்.

"இன்னா பாப்பா, ர-வும் காலும் ரெட்டப் புள்ளைங்களாட்டம் நிக்குது?"

"அதாங்க்கா ஸ்டைலு!"

"ஸ்டைலா... சரி சரி. எது எந்தப் புள்ளன்னு பெத்தவ உனக்குத் தெரிஞ்சா சரி."

எங்கள் ஊர்ப் பெண்கள் குழு சாமை அரிசியைப் பையில் அடைத்து விற்கத் தொடங்கியது. குழுவின் தலைவி என் அத்தை. பையின்மேல் 'ஜவ்வாது மலைச் சாமை' என்று புளியம்பூவில் பெரிதாக வர வேண்டும். நானே அமைத்துத் தருகிறேன் என்று குதித்தேன். பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது, எழுத்தை விட்டுக் கால் தள்ளி நின்றது. பல்லிடுக்கு மாதிரி! என் எழுத்துருவின் குறை அது. உள்ளே போய் இடைவெளியைத் திருத்தி, எல்லா எழுத்தோடும் மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும். பொறுமை இல்லை எனக்கு. இரண்டு சொல்லிலும் காலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ர-வை அடித்தேன். பாந்தமாக ஒட்டி உட்கார்ந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. என் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்கூட...

அதை அச்சகத்துக்கு அனுப்பினேன். அக்கா அதன் கீழே எடை, முகவரி எல்லாம் அடித்துச் சேர்த்து, பை அச்சிடும் வேலூர்க் கம்பெனிக்கு அனுப்பினார். அவர்களிடம் புளியம்பூ இல்லை. அவர்கள் கணினி வேறோர் எழுத்துருவில் திறந்தது. அதில் ர-வுக்கு வால் உண்டு.

'ஜவ்வரது மலைச் சரமை.'

கட்டுக் கட்டாக, அத்தனை பையிலும்!

அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போளூர் போய், ஒரு பையை உருவி அச்சகத்து மேசைமேல் விசிறினார். "இன்னாங்க இது சரமை? நாங்க இன்னா பூச்சரமா கட்டி விக்கிறோம்? மலை பேரையே கெட்த்து வெச்சிருக்கீங்க!"

முதலாளி அமுதா அக்காவைப் பார்த்தார். "கண்ண எங்கம்மா வெச்சினு அடிச்ச?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அனுப்புனது எப்டிம்மா இருந்துச்சு?"

"நான் அனுப்புனது சரியாத்தாங்க இருந்துச்சு" என்றேன்.

பொய்யா அது? என் திரையில் சரியாகத்தானே தெரிந்தது!... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், 'அந்தப் பெண்ணின் எழுத்தை வாங்காதே, அதில் தப்பாக அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது' என்று கடை கடையாகப் பரவும். அப்போதுதான் விற்கத் தொடங்கியிருந்தது. பயந்தேன். அவ்வளவுதான்.

அக்காதான் குறுக்கே வந்தார். "பாப்பாவ இன்னாத்துக்குங்க கேக்குறீங்க? எழுத்த செஞ்சவளே தப்பா அடிப்பாளா? நான்தான் எங்கியோ கை வெச்சுட்டேன் போல."

மறுநாளிலிருந்து அவருக்கு அங்கே வேலை இல்லை.

நான் மலையேறி வந்து எழுத்துருவைத் திருத்தினேன். ர-வுக்கு வால் வைத்தேன், காலை நெருக்கினேன். வாங்கியவர்களுக்கெல்லாம் புதிய பதிப்பை அனுப்பினேன். கூடவே என்ன குறிப்பு எழுதினேன் தெரியுமா? 'வாசிப்பு எளிதாக்கப்பட்டுள்ளது.' பாராட்டினார்கள்!

அமுதா அக்காவும் பாராட்டினார். இப்போது ஆரணியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கிறார். "இப்பதான் பாப்பா ர, ர-வாட்டம் கீது" என்று போன் செய்தார். என் புதிய எழுத்துரு ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி, அடித்துப் பார்த்து, தேறியது தேறாதது சொல்கிறார். அவருக்கு எத்தனை முறை நன்றி சொல்லியிருப்பேன்! எல்லாம் மனதாரச் சொன்னவைதான். ஒவ்வொரு முறையும் அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் போனை வைத்துவிடுவேன்...

வேலை போனதைவிடப் பெரியது ஒன்று உண்டு. போன மாதம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். முன்பெல்லாம் வந்தவர்களிடம் வம்பளந்துகொண்டே, கீபோர்டைப் பார்க்காமல் மழைபோல அடிப்பவர். இப்போது ஒரு சொல் அடிக்கிறார், நிறுத்துகிறார், திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிக்கிறார். பிறகுதான் அடுத்த சொல். மனுவுக்குக் காத்திருந்தவர் ஒருவர், "இன்னாம்மா, ஒன்னாங்கிளாஸ் பாடமா?" என்று சீண்டினார்.

அக்கா சிரித்தார். "ஒரு தபா தப்பு பண்ணி பட்டுட்டேங்க."

இல்லை! அந்தக் கை ஒரு தப்பும் செய்யவில்லை!... வாயைத் திறந்தேன். "டீ சாப்டலாமாக்கா?" என்றுதான் வந்தது.

நேற்று ஒரு கோயில் திருவிழா நோட்டீஸை எனக்கு அனுப்பியிருந்தார். "பாப்பா, ஒரு தபா பாத்துடு. என் கண்ண நானே நம்பறதில்ல."

படித்தேன். ஒரு பிழை இல்லை. "சரியா இருக்குக்கா" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"நீ பாக்குறதாலதான் பாப்பா நான் தைரியமா அடிக்கிறேன். ரொம்ப நன்றி."