ஓரத்திலிருந்து வரும் விரல்

ஓடுபாதை ஓரம் சும்மா நின்றிருந்த ஒரு விமானத்தின் இறக்கை நுனியில் வலது நெற்றியை இடித்துக்கொண்டேன். அதுதான் முதல் அறிகுறி. கூட வந்த பைலட் சிரித்தார், நானும் சிரித்தேன். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நான் விமானப்படை மருத்துவன். பறப்பவர்களின் கண், காது, நெஞ்சைப் பார்த்து, பறக்கலாம் என்றோ கூடாது என்றோ கையெழுத்துப் போடுவது என் வேலை.

பைலட்டுகள் என்னிடம் உண்மை சொல்லமாட்டார்கள். சொன்னால் தரையில் உட்காரவைத்துவிடுவேன். பார்வை குறைந்தவர்கள் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பார்கள். அதனால் மூன்று அட்டைகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டேன். மூன்றும் எனக்கு மனப்பாடம்.

அந்தச் சிறிய விமானத் தளத்தில் வேறு டாக்டர் கிடையாது. வருஷாந்திரப் பரிசோதனையில் என் கண்ணுக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் போட்டேன். இடையில் கதவு நிலையும் சைக்கிளும் தூணும் இடித்தன. கவனம் போதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டதோடு சரி.

அப்போது ஒருமுறை விடுப்பில், கருங்கல் சந்தைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்தேன். வரப்பில் கால் தவறுகிறது என்றாள் தங்கை தங்கம்மை.

“பக்கத்துல வாறவிய தெரியல்ல அண்ணா. திடீர்னு முன்னால வந்து நிக்காவ.”

ஒரு தாளில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் எழுதி, தொழுவத்துச் சுவரில் ஒட்டி, இருபதடி தள்ளி நிறுத்தினேன். கடைசி வரியின் பொடி ‘ழ’ வரைக்கும் தட்டாமல் வாசித்தாள்.

“கண்ணுக்கு ஒண்ணும் இல்ல கேட்டியா. பராக்கு பாத்துட்டு நடந்தா பின்ன விழத்தான் செய்வே.”

அவள் நம்பினாள். பட்டாளத்து டாக்டர் சொன்னால் ஊரே நம்பும்.

தளத்துக்குப் புதிதாக வந்த மூத்த மருத்துவர் என்னை எதிரே உட்காரவைத்தார். ஒரு கண்ணை மூடி நேரே பார்க்கவும், விரல் தெரிந்ததும் சொல்லவும் சொல்லிவிட்டு, தன் விரலை என் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். அரை நிமிஷ வேலை. விரல் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரிகிறது என்றேன்.

கிளாகோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சாகடிக்கும் நோய்). வலி இல்லை. ஓரப் பார்வை முதலில் போகும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். எழுத்து அட்டையை வாசித்துக்கொண்டே ஒருவன் குருடாகலாம். போனது திரும்பாது.

“கூடப் பிறந்தவர்கள் உண்டா?” என்று கேட்டார். “இது குடும்பத்தில் வரும்.”

தொழுவத்துச் சுவர் நினைவுக்கு வந்தது. அந்த நிமிஷம் என் கண்ணைப் பற்றிய கவலை விட்டுப்போயிற்று.

அறுவைச் சிகிச்சை (அழுத்தம் குறையக் கண்ணில் சிறு வழி திறப்பது) கைகொடுக்கவில்லை. வலது கண் போயிற்று; இடது கண்ணில் நடுப்பார்வை மட்டும் மிஞ்சியது. படை என்னை வீட்டுக்கு அனுப்பியது. வந்த அன்றே தங்கம்மையை எதிரே உட்காரவைத்து விரலைக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் போயிருந்தது. திருவனந்தபுரத்தில் துளி மருந்து கொடுத்தார்கள். இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன், அன்று நான் பார்த்த பார்வை தப்பு என்று.

“வேணும்னா செஞ்சிய? பஸ்சு போயிரும், வாங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுகாதார இலாகாவில் ஊர் ஊராகப் பேசும் வேலை கிடைத்தது. கருங்கல் சந்தையிலும் பள்ளிகளிலும் கொக்கிப்புழு, கொசு, அம்மை குத்திக்கொள்வது பற்றிப் பேசுவேன். யாரும் கேட்காவிட்டாலும் கடைசியில் விரல் சோதனையையும் செய்து காட்டுவேன். வாசிக்கும் உங்களுக்கும் அதுதான். கூடப் பிறந்தவரின் எதிரே இன்றே உட்காருங்கள். அட்டையை நம்பாதீர்கள்.

இப்போது எங்கள் தாலுகாக்கள் திருவனந்தபுரத்தின் ஆட்சியை விட்டு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டன. அந்தக் கொண்டாட்ட ஊர்வலத்தில் எல்லோரும் கூட்டத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நேரத்தில் ஒரு முகம்தான், பப்பாளி இலையின் குழாய்த் தண்டு வழியாகப் பார்ப்பதுபோல. என் உடம்பு தோளோடு முடிவதில்லை. இரண்டு பக்கமும் யாரோ நிற்கலாம் என்ற பயம்வரை நீள்கிறது. மாதம் என்பதும் எனக்குத் தேதி அல்ல. தங்கம்மையின் காதிலிருந்து மூக்கை நோக்கி என் விரல் போகவேண்டிய தூரம். ஒவ்வொரு முதல் தேதியும் அதை அளக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது கூடுகிறது.

இந்த மாதமும் எதிரே உட்கார்ந்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“தெரியுது அண்ணா.”

“எங்க?”

“நல்லா ஓரத்துல. போன மாசத்துக்கு இப்ப எவ்வளவோ தேவல.”

என் கை இன்னும் மடியில்தான் இருந்தது.