புதுப் புத்தகத்தின் உப்பு

சமையல் புத்தகம் எழுதுகிறவர்கள் ‘உப்பு’ என்று மட்டும் போட்டுவிட்டு, அது தூளா கல்லா என்று ஏன் சொல்வதில்லை? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சென்ற நோன்பில் என் மாமி, கணவரின் உம்மா, முதன்முறையாக எங்கள் கற்பிட்டி வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தார். அலுமாரியில் இருந்த பழகிய புத்தகங்களை விட்டு, புதிதாக வாங்கியதைப் பார்த்துக் கஞ்சி காய்ச்சினேன். அதிலிருந்த அளவுக்குத் தூள் உப்பைப் போட்டேன். நோன்போடு நாக்கு நுனியில் ருசி பார்க்கலாம் என்பார்கள். எனக்கு மனம் துணியவில்லை. பிறகு பயம் வந்து, நோன்பில்லாத ஐந்து வயது மகளுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன்.

“சீ, உம்மா! கடல் தண்ணி மாதிரி ஈக்கி!”

நோன்பு திறக்கும் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. பாதிக் கஞ்சியை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் உப்பில்லாத சோறும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சினேன். மகள் மறுபடி குடித்துத் தலையாட்டினாள்.

நோன்பு திறந்ததும் மாமி என்னிடம் இரண்டாவது கோப்பை கேட்டார். “நல்ல ருசி மகள். நோன்போட எப்படி உப்புப் பார்த்தீங்க?”

“நான்தான் பார்த்தேன்!” என்றாள் மகள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது எந்தப் புத்தகமானாலும் முதலில் பாதி உப்புத்தான். மகள் சொன்ன பிறகே மீதி. அலுமாரியில் இன்னொரு புத்தகத்துக்கு இடமிருக்கிறது. உப்பைத் தெளிவாகச் சொல்லும் புத்தகம் எதை வாங்கலாம், சகோதரிகளே?