ஒரே காலையில் இரண்டு டெர்மின்

மோட்டார் சைக்கிள் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அங்கே என்னால் பதில் சொல்ல முடியாது என்பதுதான். தலைக்கவசத்துக்குள் காதருகே ஒரு சிறிய ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருக்கும். பின்னால் காரில் வரும் பயிற்சியாளரின் குரல் அதில் கேட்கும். அடுத்த சந்தியில் வலப்பக்கம். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார். நீ இன்னும் பார்க்கவில்லை. என் குரல் அவருக்குக் கேட்காது. ஏதாவது கேட்டால் தலையை அசைக்கலாம், அவ்வளவுதான். பத்து வயதிலிருந்து வைத்தியர்களுக்கும் அலுவலர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் என் பெற்றோரின் சார்பில் பதில் சொல்லி வந்த எனக்கு, அந்தத் தொண்ணூறு நிமிட மௌனம் ஓய்வாக இருந்தது. அந்த ஓய்வுக்காக நான் கொஞ்சம் வெட்கப்பட்டதும் உண்டு.

பயிற்சிக்கான காரணம் சாதாரணமானது. இலக்கிய முதுகலையின் கடைசிப் பருவத்தில், பாடநூல் வெளியிடும் ஒரு ஜெர்மன் நிறுவனத்தில் பிரதிகளைத் திருத்தும் வேலை கிடைத்தது. ஜெர்மனி உறங்கும் வேளையில் திருத்தி, அவர்கள் காலையில் அலுவலகம் வரும்போது கொடுக்க வேண்டும். அதற்கு ஆசியாவில் இருப்பவர்களையே விரும்பினார்கள். வியட்நாமின் கடலோர நகரமொன்றில், குன்றின் மேல் ஓர் அறை பார்த்தேன். அங்கே பேருந்து போகாது. ஜனவரியில் வேலை தொடங்க வேண்டும். நவம்பரோடு பயிற்சிப் பள்ளி குளிர்காலத்துக்காகத் தேர்வுகளை நிறுத்திவிடும்.

ஆனால் நான் போவதும் போகாததும் உரிமப் பத்திரத்தில் தங்கியிருக்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. அம்மா அதிகாலையிலேயே ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதிக்கு வேலைக்குப் போய்விடுவார். காலைகள் என்னுடையவை: அப்பாவை எழுப்பி, நடத்திச் சென்று, சட்டைப் பொத்தான்களைப் பூட்டி, காலணி போட்டுவிடுவேன். நான் போவதானால் அந்தக் காலைகளுக்கு இன்னொருவர் வர வேண்டும். பராமரிப்புக் காப்புறுதிக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டேன். அவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு உதவி தேவையா என்று பார்ப்பார். தேவை என்று அவர் எழுதினால் ஒரு பணிப்பெண் ஒவ்வொரு காலையும் வருவார், நான் புறப்படலாம்.

பயிற்சி பிராங்பேர்ட்டின் வடக்கு ஓரத்தில், மூடப்பட்ட ஒரு தளபாடக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நடந்தது. ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கிடையில் நடை வேகத்தில் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டுவது எளிது. மெதுவாக ஓட்டும்போதுதான் விழுவோம். இரண்டாம் வகுப்பில் கிளட்சைச் சட்டென்று விட்டு, வண்டியோடு சாய்ந்தேன். பயிற்சியாளர், என்னைவிடச் சில வயதே மூத்த பெண், காரிலிருந்து இறங்கவில்லை. நீயே நிமிர்த்து என்றது காதுக்குள் குரல். முதுகை வண்டியில் முட்டுக்கொடுத்து, கால்களால் பின்னோக்கித் தள்ளி நிமிர்த்தினேன்.

வீட்டில் இதைக் கேட்டு அம்மா தலையில் கைவைத்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு மோட்டச்சைக்கிள்? பல்லுக் கில்லுப் போச்செண்டால்?"

அப்பா கதிரையிலிருந்து சிரித்தார். "விடுமப்பா. உவள் சின்னச் சைக்கிளிலையே மதிலோட மோதினவள். மோட்டச்சைக்கிள் கண்டால் மதில் தானாய் விலத்தும்."

அக்டோபரில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஓட்டுநர் தேர்வும் மதிப்பீட்டாளரின் வருகையும் ஒரே நாளில், ஒரே காலையில். மதிப்பீட்டாளரின் டெர்மினை, அதாவது குறித்த நாளை, மாற்றினால் மேலும் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். தேர்வை மாற்றினால் வசந்தகாலம். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"நீ சோதனைக்குப் போட்டு வா," என்றார் அம்மா. "நான் லீவு எடுக்கிறன். ஒரு மனிசி வந்து பாத்திட்டுப் போறதுக்கு நீ என்னத்துக்கு?"

அப்பாவால் எவையெல்லாம் முடியாது என்பதை ஒரு தாளில் எழுதி, மதிப்பீட்டாளரிடம் கொடுக்கும்படி அம்மாவிடம் ஒப்படைத்தேன். அதைக் கவனமாகச் செய்தேன். கவனமாகச் செய்தால் போதும் என்றும் நம்பினேன்.

தேர்வன்று தூறிக்கொண்டிருந்தது. நனைந்த தரையில் அவசர நிறுத்தம், கூம்புகள், வட்டம். பிறகு நகரத்துக்குள் ஓட்டம். பின்னால் காரில் தேர்வாளரும் பயிற்சியாளரும். அந்த நேரம் முழுவதும் வீட்டை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். முடிவில் தேர்வாளர் கார் கண்ணாடியை இறக்கி, வாழ்த்துகள் என்றார்.

வீட்டுக்கதவைத் திறந்தபோது பொரித்த எண்ணெய் மணந்தது. அப்பா முகச்சவரம் செய்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மனிசி, பிள்ளை," என்றார் அம்மா. "ரெண்டு றோல்ஸ் சாப்பிட்டவ. தேத்தண்ணியும் குடிச்சவ."

"அப்பாவை என்ன கேட்டவ?"

"கையைத் தூக்கச் சொன்னவ. அப்பா தூக்கிக் காட்டினவர், தோள் மட்டத்துக்கு. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன், வேர்த்து ஒழுகுது மனிசனுக்கு. ஆனாத் தூக்கிப்போட்டார்."

"தனிய உடுப்புப் போடுவீங்களோ எண்டு கேட்டவவோ?"

"ஓம்," என்றார் அப்பா. "யா எண்டு சொன்னனான். பிறத்தி மனிசியிட்டை வேற என்னத்தைச் சொல்லுறது?"

"அப்பாவே எழும்பிப் போய்க் கதவு திறந்தவர்," என்றார் அம்மா பெருமையோடு. "போகேக்கையும் வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டவர். தடி இல்லாமல்."

நான் எழுதிய தாள் றோல்ஸ் தட்டின் கீழே, எண்ணெய் ஊறிக் கிடந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்து, "நீ பாஸோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அன்று எங்கள் வீட்டில் இருவர் பரீட்சைக்குத் தோற்றினோம், இருவருமே சித்தியடைந்திருந்தோம்.

மறுப்புக் கடிதம் நவம்பர் நடுவில் வந்தது. விண்ணப்பதாரர் தன் அன்றாடத் தேவைகளைப் பெரும்பாலும் தானே நிறைவேற்றுகிறார் என்றிருந்தது. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். வேலை தரும் நிறுவனத்திடம் தவணை கேட்டேன். ஏப்ரல் வரை தந்தார்கள், அதற்குமேல் இல்லை.

ஆட்சேபத்தை ஒரு ஞாயிறு பிற்பகலில் எழுதினேன். வர்ணனை எதுவும் இல்லாமல், வினைச்சொற்களால் மட்டும் எழுதினேன். பொத்தானைப் பூட்ட இயலாது. முதுகைக் கழுவ இயலாது. இறைச்சியை வெட்ட இயலாது. மலசலகூடத்தில் தனியாக எழும்ப இயலாது. கையொப்பமிட வேண்டியவர் அப்பா என்பதால், ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். படிக்கும் காலத்தில் எதையும் இவ்வளவு துல்லியமாக எழுதியதில்லை. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தார்.

"உது நானோ?" என்றார்.

நான் பேனாவை நீட்டினேன். அதை வாங்காமல் அவர் சொன்னார்: "குளியலறையில விழுந்ததை எழுதேல்லையே?"

"எப்ப விழுந்தனீங்கள்?"

"நீ மோட்டச்சைக்கிள் பழகப் போன நேரம். ரெண்டு தரம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பழகப் போவியே?"

அதையும் எழுதினேன். இடது கையால் அவர் ஒப்பமிட்டு முடிக்கும்வரை தாள் நழுவாமல் பிடித்திருந்தேன்.

இரண்டாவது மதிப்பீடு பிப்ரவரியில். இம்முறை நான் வீட்டில் இருந்தேன். மூன்று நாட்கள் முகச்சவரம் வேண்டாம் என்றேன். பலகாரம் செய்ய வேண்டாம் என்றேன். அம்மா சமையலறைக்குள் போய்க் காரணமில்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டார். கடைசியாக அப்பாவிடம் சொன்னேன்.

"அவ வரேக்கை எழும்பாதேங்கோ, அப்பா."

"வீட்டுக்கு வாற ஆளுக்கு எழும்பாமல் இருக்கிறதோ? என்னை என்னெண்டு நினைப்பா?"

"ஏலாது எண்டு நினைக்கவேணும். அதுக்குத்தான்."

மணி அடித்தது. நான் கதவைத் திறந்தேன்; இம்முறை வேறொரு பெண். அவர் அறைக்குள் வந்தபோது அப்பாவின் இடது கை கதிரையின் பிடியை இறுக்கியதையும், முழங்கால்கள் முன்னே நகர்ந்ததையும் கண்டேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தளர்த்தினார். அந்தப் பெண் குனிந்து கைகொடுத்தார். ஒரு மணி நேரம் கேள்விகள். அப்பா சொன்னதை எல்லாம் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். சிறுவயதிலிருந்து, அவருடைய வார்த்தைகளைக் கொஞ்சம் உயர்த்தியே ஜெர்மனில் சொல்லிப் பழகியிருந்தேன், அன்று உயர்த்தவில்லை. அந்தப் பெண் விடைபெற்றபோதும் அப்பா இருந்தபடியே இருந்தார். வாசல்வரை நான் போனேன்.

அனுமதிக் கடிதம் மார்ச்சில் வந்தது. இப்போது ஒவ்வொரு காலையும் ஏழரை மணிக்குப் பணிப்பெண் வருகிறார், பொறுமையானவர். முன்பு இடது கையால் கீழ்ப் பொத்தான்கள் இரண்டையாவது அப்பா தானே பூட்டுவார். இப்போது சட்டையைத் திறந்தபடி விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருக்கிறார். போன வாரம், அப்பாவோடு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் இருபது வருடம் வேலைசெய்த ஒருவர் பார்க்க வந்தார். "என்ன அண்ணை, எப்பிடி இருக்கிறியள்?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். அப்பா எழும்ப முயலவில்லை. தலையைத் திருப்பி, "வாரும், இரும்" என்றார்.

"கை கால் வருத்தம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்," என்கிறார் அம்மா. அப்படியும் இருக்கலாம். வைத்தியரிடம் கேட்டேன், புதிதாக எதுவும் தெரியவில்லை என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். பயணச்சீட்டை நான் மாற்றவில்லை.