ஜெபத்துக்குப் பிறகு ஒரு குளிசை

முதல் அறிகுறி வாந்தி. அதைக் கண்டு சபையே சந்தோஷப்பட்டது. எங்கள் ஒரே மகள் ரூத்தைச் சுனாமி கொண்டுபோன பிறகு எனக்கு வயிறு திறக்கவில்லை. நாட்டில் யுத்தம் முடிந்த வருடம் நாள் தள்ளிப்போனதும், பொறுக்கமாட்டாமல் ஞாயிறு ஆராதனையில் எழும்பி, கர்த்தர் பிள்ளை தந்திருக்கிறார் என்று சாட்சி சொல்லிவிட்டேன்.

வயிறு கிடுகிடுவென்று ஊதியது. "ரெட்டைப் பிள்ளை" என்றார்கள். நானும் நம்பினேன். பிறகு ஒரு காலை உடுப்பில் கறுத்த இரத்தம் பட்டது.

கல்முனை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த பெண் டொக்டர் கருவியை என் வயிற்றில் திரும்பத் திரும்ப ஓட்டினார். என் கணவர் சாமுவேல் சபையின் மூப்பர். கருவைக் கலைப்பது கொலை என்பதில் அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை, இன்றும் இல்லை.

"உசிர் இருக்கா டொக்டர்? இருந்தா நீங்க கைவைக்க ஏலாது," என்றார் அவர்.

டொக்டர் கோபிக்கவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "நல்லாப் பாருங்க. இதுல புள்ளையே இல்ல. இருந்தா நானும் யோசிப்பன்."

முத்துப்பிள்ளை (கரு பிள்ளையாகாமல், திராட்சைக் குலைபோல நீர்க்கொப்புளங்களாகப் பெருகும் நோய்) என்று விளக்கினார். அன்றே உறிஞ்சி எடுத்தார்கள். ரூத்தையாவது கரையெல்லாம் தேடினோம். இதில் தேடவும் ஒன்றுமில்லை. எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே அழுதேன்.

அதோடு முடியவில்லை. உள்ளே மிச்சம் கிடந்தால் புற்றுநோயாகலாம். அதை அறிய, கர்ப்ப ஹோர்மோனை (பிள்ளை தங்கினால் இரத்தத்தில் ஏறும் சுரப்பு) அளந்துகொண்டே இருக்க வேண்டும். இடையில் கர்ப்பமானால் எல்லாம் குழம்பிவிடும்.

"ஒரு வருஷத்துக்குப் புள்ள தங்கப்படாது மகள். குளிசை போடுங்க," என்றார் டொக்டர்.

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை (மாத்திரை)! கடலும் சண்டையும் குறைத்த சனத்தைக் குளிசையும் குறைக்கக் கூடாது என்று எங்கள் ஊர் பெரியநீலாவணையில் வீடு வீடாகப் பேசியவர் சாமுவேல். வாக்குக் கேட்டு வந்த வேட்பாளரிடம் றோட்டுக் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, அந்தக் குளிசையை நிறுத்துவீர்களா என்று கேட்டார். பாவம், அந்த மனிதர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் படலைக்கு (வேலி வாசல்) வந்த மிட்வைப் (கர்ப்பிணிகளை வீடு தேடிவந்து பார்த்து, குளிசையும் கொடுக்கும் அரச மருத்துவிச்சி) அக்காவையும் நாயை அவிழ்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

பாஸ்டர் எனக்காக உருகி ஜெபித்தார். "மருந்துக்கு நான் விரோதி இல்ல, தங்கச்சி. ஆனா அந்தக் குளிசை எதுக்கு? வருஷம் முடியுமட்டும் ரெண்டு பேரும் விலகி இருங்களன்."

நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் போன பிறகு நாங்கள் பைத்தியமாகாமல் இருந்தது, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு படுத்ததால்தான். அதையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"நான் செத்தா உங்கட கொள்கைய ஆரோட கதைப்பீங்க?"

சாமுவேல் சட்டையை மாட்டினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் மிட்வைப் அக்கா படலையில் வந்து நின்றார்.

"நாயக் கட்டியிருக்கா?"

"ஓம், ஓம், கட்டியிருக்கு," என்று ஓடினார் சாமுவேல்.

அன்றிலிருந்து குளிசை அவர் பொறுப்பு. மாலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்று சொல்லித் தருவார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். குளிசை தப்பு என்பதில் மட்டும் அவர் மாறவில்லை. தப்புச் செய்கிறவன் மூப்பராக இருக்கக் கூடாது என்று தானாகவே விலகிக்கொண்டார்.

இதே நோயோடு இதை வாசிக்கும் சகோதரி, அந்த வருடம் லேசில் நகராது. ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் சோறு கரியும், கை வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் மாதவிலக்கு வந்தால் அழுவேன். அந்த வருடம் வந்தபோதெல்லாம் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

கடைசிப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர் சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் சுத்தம். இனிப் புள்ளைக்குப் பார்க்கலாம் மகள்."

அன்று மாலை ஜெபம் முடிந்ததும் பழக்கத்தில் என் கை நீண்டது. சாமுவேலின் கையில் ஒன்றுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமாக் கிடக்கா?"

"ஓம்."

வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு, "மிட்வைப் அக்காட்டப் போய் இன்னும் கொஞ்ச நாளைக்கு வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டார்.

பிள்ளை ஆசையும் இருந்தது, இன்னொரு முத்துப்பிள்ளை வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. நீட்டிய கையை மடக்காமல் அப்படியே இருந்தேன்.