சந்தேகக்காரர் செய்த சைக்கிள்

பற்றரியைக் கையில் வாங்கியதும் நல்லமுத்து முதலில் மோந்து பார்ப்பார். அமில வாடை அடித்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். அடிக்காவிட்டாலும் நம்ப மாட்டார். பையிலிருந்து லொறி விளக்கின் பல்பு ஒன்றை எடுத்து, கடைக்காரர் முன்னாலேயே அதில் பூட்டி எரியவிட்டு, மீற்றர் முள்ளை இமைக்காமல் பார்த்திருப்பார். "சும்மா கெடக்கையில எல்லாம் பன்னெண்டு வோல்ட்டுதான் காட்டும். வேல குடுத்துப் பாக்கணும்ங்க" என்பார். ஹட்டனில் அவர் தலையைக் கண்டதும் பற்றரிகளை உள்ளே தள்ளிவிடும் கடைக்காரர்களும் உண்டு.

பொகவந்தலாவைத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அங்கே போக ஒரே ஏற்றம். 2007இல் வலது முழங்கால் மடங்க மறுத்தது. பிந்திப் பிந்திப் போனதில் வேலையே ஆட்டம் கண்டது. அப்போதுதான் தன் சைக்கிளுக்கு மின்மோட்டார் பூட்டத் துணிந்தார்.

பழைய இரும்புக் கடையில் இருபத்துநாலு வோல்ட் மோட்டார் ஒன்று கிடைத்தது. அதற்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர் பெட்டியைக் கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். "எல்லா மோட்டாருக்கும் சரிவரும்" என்றாராம். அந்தப் பேச்சிலேயே நல்லமுத்துவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பார்த்தால், பெட்டி முப்பத்தாறு வோல்ட்டுக்குச் செய்தது. இரண்டு பற்றரியை இணைத்தபோது, பற்றரியில் மின்சாரம் தீர்ந்துவிட்டதென்று எண்ணிப் பெட்டி மோட்டாரை அசையவே விடவில்லை. மூன்றாவதைச் சேர்த்தால் மோட்டார் சூடேறிக் கருகும்.

பெட்டியை மாற்றினார். அப்போதும் பாதி ஏற்றத்தில் வண்டி படுத்துவிட்டது. பற்றரிகளில் ஒன்று புதிது, மற்றது பழையது. "ஒண்ணு இழுக்குது, ஒண்ணு மூச்சு வாங்குது. ஜோடி சேரல." பல்பு எரியும்போது இரண்டின் முள்ளும் ஒன்றுபோல் இறங்கும் ஜோடியைத் தேடிப் பிடித்த பிறகே, லயம் உறங்கிய ஓர் இரவில், சைக்கிள் மேடு ஏறியது.

ஆனால் அது யுத்தகாலம். ஒரு தமிழன் வீட்டில் வயர், பற்றரி, மூடிய பெட்டி. பொலிஸ் ஜீப் வந்து சைக்கிளோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் மாலை நிலையத்து முற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். சுற்றிக் காட்டினார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து பேசிய பிறகுதான் விட்டார்கள்.

திரும்பிய அன்றே, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் இராமையாவோடு பேச்சை நிறுத்தினார். "அவன்தான் பொலிசுக்குச் சொல்லியிருக்கான். நான் வயரு சுத்துறப்ப எட்டி எட்டிப் பாத்தான்." இராமையா கொண்டுவந்த கீரைக்கட்டு வாசலிலேயே வாடிப்போனது. நல்லமுத்துவின் மனைவி ராசம்மா அதை எடுத்து வீசினார்.

சில வாரங்கள் போய், ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ராசம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "இராமையா அண்ணன வையாதீங்க. நாந்தான் தொரைக்கிட்ட சொன்னேன்."

"நீயா?"

"என்ன செய்றீங்கன்னு கேட்டா, சாமான மறைச்சிட்டு ஒண்ணுமில்லம்பீங்க. லயமே குசுகுசுன்னு பேசுச்சு. எனக்கே பயம் வந்திருச்சு. தொர வந்து பாத்து, சைக்கிளுதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்னு நெனச்சேன். அவரு பொலிசுக்குப் போன் போடுவாருன்னு நெனக்கலங்க."

நல்லமுத்து அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். அது பொய்யா என்று பார்க்கிற பார்வைதான் முதலில். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்கிட்டகூட சொல்லல, இல்ல?" என்றார்.

ராசம்மா கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். நல்லமுத்து எழுந்து, சட்டைப் பையிலிருந்த சைக்கிள் சாவியை எடுத்தார். வேறு சாவி கிடையாது; அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. அடுப்பருகே குனிந்து, ராசம்மாவின் முந்தானை நுனியை இழுத்து, சாவியை அதில் வைத்து முடிந்துவிட்டார்.