ஐம்பத்து நான்காவது பொன்னாடை

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில், சிற்றம்பலத்தாருடைய வீட்டு அலுமாரியில் கமலநாயகியின் குளிர்காலக் கோட்டுக்கு இடமில்லை. அது குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். அலுமாரி நிறைய அவருடைய மனுசன் சிற்றம்பலத்தாரின் பொன்னாடைகள். ஐம்பத்து மூன்று. விளையாட்டுப் போட்டிக்குத் தலைமை தாங்கியதற்கு ஒன்று, வாணி விழாவில் விளக்கேற்றியதற்கு ஒன்று, பட்டிமன்றத்தில் முன்வரிசையில் இருந்ததற்கு ஒன்று. ஒருமுறை மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டு நின்ற இவரையே கூப்பிட்டுப் போர்த்திவிட்டார்கள். வரவேண்டிய பிரமுகர் வரவில்லையாம், வாங்கிய பொன்னாடை வீணாகக் கூடாதாம். அதையும் அவர் பாச்சாவுருண்டை போட்டுப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்.

சிற்றம்பலத்தாருக்கு வயது ஐம்பத்தொன்பது. இருபத்தெட்டு வருடமாகக் குறடும் திருப்பாணியும் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே அவர் வாயிலிருந்து "யா, யா" என்பதைத் தவிர ஒரு சொல் வந்ததாக யாரும் சொன்னதில்லை. சனிக்கிழமை பின்னேரம் கோட்சூட்டைப் போட்டுக்கொண்டு தமிழர் மண்டபத்துக்குள் நுழைந்தால்தான் மனுசனுக்கு உயிர் வரும். மைக் கையில் அகப்பட்டால் போதும். "இரண்டே இரண்டு வார்த்தை" என்று தொடங்குவார். நாற்பது நிமிடம் போகும். சின்னப் பிள்ளைகள் பசியில் சிணுங்கும், கொத்துரொட்டி ஆறிப்போகும், பின்வரிசையில் இருக்கும் கமலநாயகி தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கழுவி வெளிறிப்போன விரல்கள் அவை.

இவர்களுக்கு ஒரே பிள்ளை தர்மிகா. பள்ளிக்கூடம் முடித்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். மேடை நிகழ்ச்சிகளுக்கு விளக்குக் கட்டுகிற தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி எடுத்து, மூன்று வருடம் வேலையோடு படித்து, நல்ல புள்ளியோடு முடித்தாள். இருபது மீட்டர் உயரத்து இரும்புச் சட்டத்தில் இடுப்பில் பட்டியோடு தொங்குவாள். அப்பன்காரன் அதைக் கேட்ட அன்றே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"வயர் காவுற வேலைக்கோ நான் பெத்தனான்? சபையில என்ர முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

சபையில் அவர் முகத்தை வைக்க வேறு வழி கண்டுபிடித்தார். மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் "ஆகன் பல்கலைக்கழகத்தில படிக்கிறா, எஞ்சினியரிங்" என்று வாய் கூசாமல் சொன்னார். ஒருநாள் தமிழ்க் கடை வாசலில் தர்மிகா வேலை உடுப்போடும் இரும்பு முனை வைத்த சப்பாத்தோடும் எதிரே வந்தாள். பக்கத்தில் நின்றவர் "ஆரிது?" என்று கேட்டார். சிற்றம்பலத்தார் கத்தரிக்காய்ப் பெட்டியை ஆராய்ந்துகொண்டு, "தெரியேல்லை, இந்தப் பக்கத்துப் பிள்ளையாக்கும்" என்றார். தர்மிகாவின் காதில் அது விழுந்தது. ஒரு மூட்டை அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மகள் சொல்லிக் கேட்ட கமலநாயகிதான் அதை மறக்கவில்லை.

இப்படி மூன்று வருடம் போன பிறகு யசேனியா மொந்தால்வோ வந்தாள். கொலம்பியாக்காரி, ஸ்பானிஷ் மொழியில் பாடி உலகத்தையே ஆட்டிவைக்கிறவள். நாற்பத்தொரு நகரங்களுக்கு இசைப்பயணம் கிளம்பியிருந்தாள். ஜெர்மனியில் நான்கு ஊர்களுக்கு விளக்குப் பொறுப்பு தர்மிகா வேலைசெய்யும் நிறுவனத்துக்குக் கிடைத்தது. பயணம் முழுவதற்கும் விளக்குத் தலைவியாக வந்த மக்டலீனுக்குத் தர்மிகாவின் வேலை பிடித்துப்போயிற்று. கடைசி ஊரான டூசல்டோர்ஃபும் நல்லபடி முடிந்தால் உன்னை என்னோடு கூட்டிப்போகிறேன் என்றாள். லிஸ்பனிலிருந்து புவனஸ் அயர்ஸ் வரை, எட்டு மாதம்.

அந்தப் பாடகியின் படம் ஜெர்மன் பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு வந்தது. அதைப் பார்த்த நிமிடம் சிற்றம்பலத்தார் ஒரு பல்டி அடித்தார் பாருங்கள், கமலநாயகி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். அதே தமிழ்க் கடை வாசலில், அதே கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ர மகள்தான் அந்த நிகழ்ச்சியையே நடத்திறா. அவ சுவிச்சைப் போட்டால்தான் அந்தப் பாட்டுக்காரி வாய் திறப்பா" என்று தம்பட்டம் அடித்தார். ஆகனும் எஞ்சினியரிங்கும் எங்கே போயின என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டூசல்டோர்ஃப் நிகழ்ச்சிக்குத் தர்மிகா பெற்றோருக்கு இரண்டு விருந்தினர் அட்டைகள் கொண்டுவந்தாள். கழுத்தில் தொங்கவிடும் அட்டை. அதில் அவள் பெயர் எழுதியிருந்தது.

"அப்பா, வடிவாக் கேளுங்கோ. விளக்கு மேசைக்குப் பக்கத்தில கம்பி கட்டின இடம் ஒண்டு இருக்கு. அதுக்குள்ளதான் நிக்கோணும். நீங்கள் ஏதும் பிழை விட்டால் உங்களுக்கு ஒண்டும் இல்லை. என்ர பேர்தான் போகும், இந்தப் பயணமும் போகும்."

"எனக்கு மேடைப் பழக்கம் சொல்லித் தாறியோ? ஐம்பத்து மூண்டு பொன்னாடை வாங்கினவன் நான்!"

கமலநாயகி அப்போதே பயந்தார். பயந்தது சரி. இரண்டு நாளில் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முன்னால், மனுசன் அறிவித்துவிட்டார்: உலகப் புகழ் பாடகிக்குத் தமிழர் சார்பில் சிற்றம்பலம் அவர்கள் மேடையில் பொன்னாடை போர்த்தி வாழ்த்துப்பா வாசிப்பார். வாழ்த்துப்பாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் செய்வித்திருந்தார். அதில் பாடகியின் படம் முத்திரை அளவு. அவருடைய படம் உள்ளங்கை அளவு.

"அவையளிட்டைக் கேட்டனீங்களோ?" என்றார் கமலநாயகி.

"பொன்னாடை போர்க்கிறதுக்கு ஆரும் கேக்கிறதோ? மேடையில பாடிக்கொண்டிருக்கேக்குள்ள போய்ப் போர்க்கிறதுதானே எங்கட வழக்கம்."

வழக்கம் என்னவோ அதுதான். எங்கள் மண்டபங்களில் பாடகர் பல்லவியில் இருக்கும்போதே ஒருவர் மாலையோடு ஏறுவார், இன்னொருவர் துண்டுச் சீட்டோடு ஏறுவார், மூன்றாமவர் தன் பிள்ளையை ஏற்றிவைத்துப் படம் எடுப்பார். பாடகரும் ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே பாடுவார். உலகம் முழுவதும் மேடை என்றால் இதுதான் என்று சிற்றம்பலத்தார் நம்பியிருந்தார். எட்டரைக்கு என்று போட்டால் பத்தரைக்குத்தான் தொடங்கும் என்றும் நம்பியிருந்தார். அதனால் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது யசேனியா நான்கு பாட்டுப் பாடி முடித்திருந்தாள்.

கண்ணாடிச் சட்டத்தை வாசலிலேயே பறித்து வைத்துக்கொண்டார்கள். பொன்னாடை மடித்துக் கோட்டுப் பைக்குள் இருந்ததால் தப்பியது. உள்ளே பத்தாயிரம் பேருக்கு மேல். சனம் எல்லாம் ஒரே குரலில் பாடிக்கொண்டு நின்றது. நடுவே மேடான இடத்தில் விளக்கு மேசை. அதன் முன்னால் மக்டலீனும் தர்மிகாவும். மகள் ஒரு விரலை அசைத்தாள், மண்டபம் முழுக்க நீலமாயிற்று. இன்னொரு விரலை அசைத்தாள், மேலேயிருந்து நூறு விளக்குகள் இறங்கி வந்தன. கமலநாயகி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். இவளையா இந்த மனுசன் தெரியாது என்று சொன்னார்!

மனுசனோ மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேடைக்குப் போகும் வழியைத்தான் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். கழுத்து அட்டையைக் கழற்றி, "இதை வைச்சிரும். படத்தில வடிவா வராது" என்று மனைவியின் கையில் திணித்தார்.

"போகாதேங்கோ. பிள்ளையின்ர வேலை போயிடும்."

அடுத்த பாட்டுக்கு முன் விளக்குகள் அணைந்த சமயம் பார்த்து அவர் கம்பிக்கு அடியால் நுழைந்தார். மீண்டும் வெளிச்சம் வந்தபோது, சனத்தைப் பிளந்துகொண்டு போய், மேடைத் தடுப்பின் மேல் ஒரு காலைப் போட்டு, பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் பின்வாங்கினார்கள். தர்மிகா கண்டுவிட்டாள். அவள் விரல் ஒரு கணம் நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

இரண்டு காவலர்கள் அவரை இறக்கினார்கள். சிற்றம்பலத்தார் விடவில்லை. இருபத்தெட்டு வருடமாக வராத ஜெர்மன் அன்றைக்கென்று பெருகியது. "அங்கே நிற்பது என் மகள்! அவள்தான் இங்கே எல்லாம்!" என்று விளக்கு மேசையைக் காட்டிக் கத்தினார். மகளைத் தெரியாது என்று சொல்லியே பழகிய மனிதர், அந்தப் பொய்யால் மகளுக்கு நன்மை வரக்கூடிய ஒரே நாளில் உண்மையைச் சொன்னார்.

காவலர் தலைவி யூலியா அவரைக் கையில் பிடித்து விளக்கு மேசைப் பக்கம் கூட்டிவந்தாள். மக்டலீன் திரும்பிப் பார்த்தாள். யூலியா கமலநாயகியின் கழுத்து அட்டையைப் படித்துவிட்டு, "இந்த மனிதர் உங்களோடு வந்தவரா?" என்று கேட்டாள்.

"சொல்லும் கமலம்! சொல்லும், நான் ஆரெண்டு!"

கமலநாயகியின் கைப்பைக்குள் மனுசன் கழற்றித் தந்த அட்டை கிடந்தது. அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். முப்பது வருடத்தில் அவர் இந்த மனிதருக்காகச் சொன்ன "ஓம்" எத்தனை!

"இல்லை," என்றார் ஜெர்மனில். "எனக்கு இவரைத் தெரியாது."

"ஆனால் இவர் உங்கள் மொழி..."

"எங்கள் மொழி பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா? நீங்கள் ஜெர்மன் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் உறவா?"

யூலியாவின் முகம் சிவந்துபோயிற்று. இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். மக்டலீன் தோளைக் குலுக்கிவிட்டு மேசைப் பக்கம் திரும்பினாள். சிற்றம்பலத்தாரின் முகத்தில் ஈயாடவில்லை. பொன்னாடை ஒரு தோளில் தொங்க, அவரை வெளிவாசலுக்குக் கொண்டுபோனார்கள். கமலநாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரை நின்று பார்த்தார்.

மறுநாள் காலை தர்மிகா தன் வீட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். வேலை கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை லிஸ்பனுக்குப் பயணம். "அம்மா, நேற்று நீங்கள்..." என்று தொடங்கினாள். "சூட்கேஸ் அடுக்க வாறன் பிள்ளை, போனை வை" என்றார் கமலநாயகி.

சிற்றம்பலத்தார் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு சங்கக் குழுவுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். மனைவியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"கட்டின புருஷனை ஆரெண்டு தெரியாதெண்டு சொன்னீரே. உமக்கு நெஞ்சு கூசேல்லையோ?"

"நீங்கள் பெத்த பிள்ளையை மூண்டு வருஷம் தெரியாதெண்டு சொன்னனீங்கள். நான் ஒருக்காத்தான் சொன்னனான்."

அவர் கைப்பேசியை இழுத்துக்கொண்டார். குனிந்து எழுதி முடித்து அனுப்பினார். பாடகிக்குத் திடீர் சுகவீனம் என்றும், ஆகவே திரைக்குப் பின்னால் எளிமையாகப் பொன்னாடை போர்த்தப்பட்டது என்றும், பாடகி கண்கலங்கினார் என்றும். அடுத்த நிமிடமே கைதட்டும் படங்களும் பூங்கொத்துப் படங்களும் வந்து குவியத் தொடங்கின. மனுசனின் முகம் மெல்ல மலர்ந்தது. கமலநாயகி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அந்தக் குழுவில் கமலநாயகியும் இருந்தார். ஆனால் ஒரு நாளும் எதுவும் எழுதியதில்லை. கைப்பேசியை எடுத்து, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார்.

"இவர் ஆருக்கும் ஒண்டும் போர்க்கேல்லை. காவல்காரர் பிடிச்சு வெளியில விட்டவை. இவரைத் தெரியாதெண்டு சொன்னது நான்தான். என்ர மகள் தர்மிகா விளக்குக் கட்டிற வேலை செய்யிறா. ஆகனில படிக்கேல்லை. வியாழக்கிழமை வேலைக்கு லிஸ்பன் போறா."

மேசையில் கிடந்த மனுசனின் கைப்பேசி ஒரு தரம் ஒலித்தது. அதன் பிறகு கைதட்டும் படம் ஒன்றும் வரவில்லை. "என்ன செய்தனீர்? என்ன செய்தனீர் கமலம்?" என்று சிற்றம்பலத்தார் எழும்பினார். கமலநாயகி ஆணியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்குச் சூட்கேஸ் அடுக்கப் போனார்.