எலி பிடிக்க வந்த வெங்கிணாந்தி

நெல்லுக் குத்தும் மில்லுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு: மூட்டையோடு வருகிறவர்கள், வாலோடு வருகிறவர்கள்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த அந்த நாட்களில் நான் ஒட்டுசுட்டானில் மில் நடத்தினேன். எலிகளும் சமாதானத்தை நம்பி நன்றாகப் பெருகின. மா அரைக்கிற இடத்தில் நஞ்சு வைக்க முடியாது. பூனை வளர்த்தேன், அது பக்கத்து வீட்டு மீன்சட்டியில் வேலை தேடிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் மில்லில் எஞ்சின் ஓட்டும் குலம் என்பவன், வைக்கோலுக்குள் கை நீளத்தில் ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கண்டான். எங்கள் பக்கத்தில் வெங்கிணாந்தி என்போம். சம்பளம் கேட்காத வேலையாள் என்று நினைத்து வைத்துக்கொண்டேன். மில் வைத்து நொந்தவர்களுக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாளிகை

பாம்பை அவிழ்த்துவிட்டால் மில் பக்கமே வரமாட்டோம் என்று சனம் சொல்லிவிட்டது. ஆகவே தேயிலைப் பெட்டி ஒன்றில் மணல் பரப்பி, தண்ணீர்ச் சட்டி வைத்து, மேலே கம்பி வலை அடித்தேன். சூடு நல்லது என்று எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தேன். எஞ்சின் ஓடும்போது பெட்டி உதறும், மணல் உதறும், பாம்பும் உதறும். இதெல்லாம் பார்த்துச் செய்யும் அறிவு எனக்கு அப்போது இல்லை.

எலி பிடிக்க வந்தவர் பெட்டிக்குள் இருக்க, நான் பொறி வைத்து எலி பிடித்து உள்ளே விட்டேன். அந்த எலி பாம்பின் முதுகில் ஏறியிருந்து மீசை துடைத்தது. குலம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "முதலாளி, என்ர கொட்டில் மூண்டு மாரியா ஒழுகுது. எனக்கும் ஒரு தேயிலைப் பெட்டி பாருங்கோவன்."

வெள்ளிக்கிழமை

அரிசிமா அரைக்க வரும் மணியக்காவுக்குப் பாம்பென்றால் பாம்புதான். நாகம், வெங்கிணாந்தி என்ற பேதமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சிரட்டையில் பாலும் இரண்டு கதலிப்பழமும் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் வைத்தா. அடுத்த வெள்ளி இன்னும் நாலு பேர், பொங்கலோடு. பாம்பு திரும்பியும் பார்க்கவில்லை. பாலைக் குடித்துப் பழத்தைத் தின்றவை எலிகள். என் செலவில்லாமலே அவை கொழுத்தன.

நான் உண்மையைச் சொன்னேன். மணியக்கா வெறும் சிரட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினா: "தம்பி, சாமி குடிச்சதை எலி குடிச்சதெண்டு சொல்லாதேங்கோ, மில்லுக்குக் கூடாது."

பட்டினி

ஐந்து வாரமாகியும் பாம்பு ஒன்றும் தின்னவில்லை. முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. கேலி பேசிக்கொண்டிருந்த எனக்குப் பயம் பிடித்தது. வைக்கோலுக்குள் சும்மா கிடந்ததைப் பிடித்துவந்து கொல்லப்போகிறேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முள்ளியவளையிலிருந்து நெல் கொண்டுவரும் காதர் நானாவிடம் சொன்னேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பாம்பாட்டி. நானா குனிந்து பாம்பின் கண்ணைப் பார்த்தார். அதில் புகை படர்ந்ததுபோல் இருந்தது. "தோல் கழட்டப்போகுது தம்பி, இப்ப தின்னாது. அமைதியான இடத்தில வைச்சு மூடிவிடுங்கோ. பிறகு எலியை அடிச்சுப் போடுங்கோ, உயிரோட விட்டால் எலிதான் இதைக் கடிக்கும்" என்றார். பிறகு எஞ்சினையும் பொங்கல் பானையையும் சுற்றி நின்ற சனத்தையும் பார்த்தார்: "இந்தச் சத்தத்துக்குள்ள ஆளாளுக்குப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கும்தான் சோறு இறங்காது."

முதற் சாப்பாடு

பெட்டியை வீட்டுச் சாமானறைக்கு மாற்றி, உடைந்த பானை ஒன்றை ஒளிந்திருக்கக் கவிழ்த்து வைத்து, சாக்கால் மூடினேன். ஒன்பதாம் நாள் மணலில் முழுத்தோல் கிடந்தது. அடித்த எலி ஒன்றை இடுக்கியால் நீட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் எலி சுருளுக்குள் போய்விட்டது. வாலும் உள்ளே போய் முடியும்வரை மூச்சுவிடாமல் பார்த்து நின்றேன். பிள்ளை முதற்சோறு தின்றதைப் பார்த்தபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டதாக ஞாபகமில்லை; மனைவிக்கு இதைச் சொல்லாதீர்கள்.

ஓடிப்போய்க் குலத்திடம் சொன்னேன். அவன் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டபடி கேட்டான்: "ஒரு எலிக்கு ஒண்டரை மாதம். மில்லில இருக்கிறதை முடிக்க எத்தினை வருசம் செல்லும், முதலாளி?"

வேலை நீக்கம்

அதன்பின் பாம்புக்குப் பத்து நாளுக்கு ஒரு எலி. நல்லதாக ஒன்று கிடைக்கவேண்டும் என்று நான் தினமும் மில் பூட்டியபின் ஏழெட்டுப் பொறி வைத்தேன். மாரி தொடங்குமுன் மில்லில் எலியே இல்லை. பாம்புக்குக் கொடுக்க ஊரெல்லாம் எலி விசாரித்துத் திரிந்தேன். கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டு, கொழுத்துத் திரண்டிருந்த அதைக் காட்டோரத்துக் குளக்கட்டில் விட்டுவிட்டு வந்தேன். அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மணியக்கா மில் வாசலில் நான் கழுவிக் காயவைத்த வெறும் பெட்டியைப் பார்த்தா, சுத்தமான மில்லைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா: "இவ்வளவு எலியையும் முடிச்ச ஒரு சீவனைக் கலைச்சுப்போட்டியள். சும்மா இருக்கிற நீங்கள் இனியெண்டாலும் ஒரு பொறி வைச்சுப் பழகுங்கோ, தம்பி."

அதற்குப் பிறகு நான் பொறி வைப்பதென்றால், மில்லில் சனம் நிறைந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் வைத்தேன்.